காயிதத்தம்மாவின் முகம்

பூவிருந்தவல்லி ஜம்புலிங்க முதலியார் நல்ல மனுஷர். வம்பே அங்கேதான் ஆரம்பம். கெட்டவராக இருந்திருந்தால் பனைமேட்டுச் சேரி ஜனங்கள் அவரை நம்பியே இருக்க மாட்டார்கள். தங்கள் காகிதத்தைத் தங்கள் மடியிலேயே கட்டிக்கொண்டு பிழைத்துப் போயிருப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவர் வீட்டுக் கொல்லைப்பக்கத்துப் படலருகே வேம்புலியம்மாள் வந்து நின்றாள். பாரிவாக்கத்துக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிற பனைமேட்டுச் சேரிக்காரி, ஐம்பது வயசிருக்கும். ஐந்து மைல் வெயிலில் நடந்து வந்தவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"சாமி, கல்லு நட்டுட்டாங்கோ."

"எங்கே?"

"எங்கன்னு கேக்கறீங்களே! எங்க ஊட்டுக்குள்ளாறதான். கெங்கம்மா அடுப்பாண்ட ஒரு கல்லு, கொளத்தாண்ட ஒரு கல்லு. சுண்ணாம்பு அட்ச்சி அம்புக்குறி போட்டு வெச்சிகீறான். லாரி வந்துகினே கீது, மண்ண கொட்டிகினே கீது. இத்தப் பட்ச்சி சொல்லுங்கோ."

நாலாக மடித்த நோட்டீஸ் ஒன்றை நீட்டினாள். முதலியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். யுத்தத் தளவாடங்கள் வைக்கக் கிடங்கு கட்டப் போகிறார்களாம். அதற்காகப் பனைமேடு முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அம்பத்தூர் முகாம் கச்சேரியில் விசாரணை. செல்லுபடியாகும் சாசனம் வைத்திருப்பவர்களுக்கு ஏரிக்கு மேற்கே நிலத்துக்கு நிலம் உண்டு. சாசனம் இல்லாதவர்கள் புறம்போக்கில் குடியேறியவர்கள். பத்து நாளில் காலி செய்ய வேண்டும்.

"நாப்பத்தாறு தலக்கட்டு, சாமி. பத்து நாள்ல எங்க போறது? இந்தக் கூலியாளுங்கள எந்த ஊர்ல உள்ளார உடுவான்?" என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நம்ம காயிதத்தம்மா பத்திரமா கீறா இல்ல?"

"பத்திரமாத்தான் இருக்கு. நீ கவலைப்படாம போ. வெள்ளிக்கிழமை நான் வந்து பேசறேன்" என்றார் முதலியார். சொல்லும்போதே பார்வையை நோட்டீஸின் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏனென்றால், சேரி ஜனங்கள் காயிதத்தம்மா என்று கும்பிடுகிற அந்தச் சாசனத்தின் ஓரத்தில், முத்திரைக்குப் பக்கத்தில், அவரே தம் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். முப்பத்தோரு வருஷமாக அந்த வரி அங்கேயே கிடந்தது.

முதலியார் பட்டணத்தில் வரைபடக் கச்சேரி ஒன்றில் முப்பத்து மூன்று வருஷம் உழைத்துப் பென்ஷன் வாங்கியவர். ஆறு நாளும் பட்டணத்துத் தெருக்களைக் கோடு கோடாக வரைவார். ஞாயிற்றுக்கிழமையானால் குடையும் பையுமாகக் கிளம்பிவிடுவார். முகப்பேர், வேலப்பன்சாவடி, பாரிவாக்கம் என்று ஊர் ஊராகச் சுற்றி, பரணில் கிடக்கும் பழைய கிரயச் சீட்டு, பங்கு பிரித்த ஓலை, மருமகனுக்கு மாமனார் எழுதிய வசவுக் கடிதம் என்று எது கிடைத்தாலும் வாங்கி வருவார். பட்டணம் எந்த வயலை எப்போது தின்றது, யார் வாயிலிருந்து பிடுங்கித் தின்றது என்பதெல்லாம் இந்தக் குப்பையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னபோது சக குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அப்புறம் 'பட்டணம் பெருத்த கதை' என்று அவர் புத்தகம் வந்தது. சிரித்தவர்களே தலைக்கு ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு விதி எழுதியிருந்தார். ஒரு வழக்கு மூளுவதற்கு முன்னால் எழுதப்பட்டதை நம்பு. மூண்ட பிறகு சொல்லப்படுவதை, சொல்கிறவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும், தள்ளி வை. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள்கூட அதை மனப்பாடம் செய்தார்கள். அவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

வாங்கிவந்த காகிதம் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் குறிப்பு எழுதுவது அவர் வழக்கம். யார் வீட்டுக் காகிதம், எந்த வருஷம், நம்பலாமா கூடாதா என்று இரண்டொரு வரி. பென்சில்தானே, தப்பானால் அழித்துக்கொள்ளலாம் என்பார். அழித்துக்கொள்ளலாம் என்கிற தைரியம் வந்துவிட்டால் மனுஷன் எதைத்தான் எழுத மாட்டான்?

பனைமேட்டுக் காகிதம் அவரிடம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம். வேம்புலியின் அப்பன் செங்கல்வராயன் கொண்டுவந்தான். ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்று நாலில் ஒரு கலெக்டர் அந்தச் சேரிக்கு மேட்டை எழுதிக் கொடுத்த சாசனம் அது. கச்சேரியில் இருந்த பிரதி செல்லரித்துப் போய்விட்டது. இருப்பது இது ஒன்றுதான். சேரி இரண்டு தரம் தீப்பற்றி எரிந்திருந்தது. "கூர ஊட்ல வெச்சிகினு எத்தினி நாளைக்கி சாமி பயந்துகினு கெடக்கறது? உங்க மாடி ஊட்ல இருந்தா நெருப்பு அண்டாது" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

முதலியாருக்கு அப்போது முப்பத்து மூன்று வயசு. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு மிராசுதாரின் பொய்ப் பத்திரத்தைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்தார். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் திருட்டு முழி முழிப்பதாகவே அவருக்குத் தோன்றிய காலம். பனைமேட்டுச் சாசனத்தின் அடியில் வட்ட முத்திரை. அதில் கிரீடம் வைத்த ராணியின் முகம் இருக்க வேண்டும். அங்கே முகம் தெரியவில்லை. மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அப்பிக் கிடந்தது. எடுத்தார் பென்சிலை. 'முத்திரை வேண்டுமென்றே தேய்த்து மறைக்கப்பட்டது போலும். நம்பத்தக்கதன்று.' எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அடுத்த ஆடி வெள்ளிக்கு செங்கல்வராயன் மகளோடு வந்தான். கையில் வாழையிலைத் துண்டில் மஞ்சளும் குங்குமமும். "காயிதத்தம்மாவுக்குப் பொட்டு வெக்கணும் சாமி, வருசா வருசம் வெக்கறது" என்றான். முதலியார் சாசனத்தை எடுத்துவந்து முருங்கை மரத்தடியில் ஒரு பலகையில் வைத்தார். அப்பனும் மகளும் விழுந்து கும்பிட்டார்கள். அவள் மஞ்சளைக் குழைத்து, ராணி முகம் இருந்த இடத்தில் பூசி, நடுவே குங்குமம் வைத்தாள். அம்மனுக்குச் செய்கிற மாதிரி, அவ்வளவு பயபக்தியாக. தங்களுக்கு நிலம் கொடுத்த தாய் அந்த வட்டத்துக்குள் இருக்கிறாள் என்று பதினெட்டு வருஷமாகப் பூசிப் பூசி அவள் முகத்தை அவர்களே மூடியிருந்தார்கள்.

அடடா, இதுதானா சங்கதி என்று முதலியார் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்றும் நினைத்தார். மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று காகிதத்தைப் பெட்டியில் வைத்தார். அந்த மத்தியானம் வரவே இல்லை.

செங்கல்வராயன் செத்த பிறகும் வேம்புலி வருஷம் தவறாமல் வந்தாள். அவள் பொட்டு வைத்துவிட்டுப் போனதும், முதலியாரின் சம்சாரம் வரலட்சுமி அந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளிப்பாள். முதலியார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் பங்குனியில், அறுபத்து மூன்று வயசில், அவருக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளை குட்டி கிடையாது. தம் பேர் ஒரு கதவின்மேலாவது இருக்கட்டும் என்று நினைத்தார். இருபத்தெட்டுப் பெட்டிக் காகிதத்தையும் பட்டணத்துச் சரித்திரச் சங்கம் ஒன்றுக்குத் தானம் செய்தார். மாலை போட்டார்கள், மூன்று பேர் இங்கிலீஷில் பேசினார்கள், சலவைக் கல்லில் பேர் வெட்டினார்கள். தான சாசனத்தின் ஷரத்துகளை அவரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். எந்தத் தாளும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எவரும் தாளில் எழுதவோ அழிக்கவோ கூடாது. பார்க்க வருகிறவர், கொடுத்தவரே ஆனாலும், தாளின் எண்ணும் மணியும் போட்டுப் புஸ்தகத்தில் கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றையும் எழுதினாரே, அதில் பாதிக் காகிதம் தம்முடையதே அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுடையது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஆடியில் வேம்புலி மஞ்சளோடு வந்து நின்றபோதுதான் சொன்னார்.

"யாரக் கேட்டு குட்த்தீங்க சாமி?" என்றாள்.

"அங்கே இரும்பு பீரோவிலே இருக்கும்மா. என் வீட்டைவிடப் பத்திரம்."

"பொட்டு வெக்காம ஒரு வருசம்கூட உட்டதில்ல. எனுக்கு இன்னமோ நல்லதாப் படல, சாமி." இலையை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு வரலட்சுமிக்குச் சாணி தெளிக்கிற வேலை இல்லை.

இந்த வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடியது. பூவிருந்தவல்லி சாலையில் மாட்டு வண்டியும் ஜட்காவும் மூன்று நாள் ஓயவில்லை. சரித்திரச் சங்கமும் பயந்து, பெட்டிகளை அம்பத்தூரில் ஒரு வாடகைப் பங்களாவுக்கு அனுப்பியது. அடுத்த மாதமே பங்களாவின் முன்பாதியை நில எடுப்பு முகாமுக்கென்று சர்க்கார் பிடித்துக்கொண்டது. பின்னறையில் ஊரார் காகிதம், முன்னறையில் ஊரை எடுத்துக்கொள்கிற அதிகாரி. நடுவில் ஒரு கதவு. அதற்குப் பூட்டுகூட இல்லை.

புதன்கிழமை முதலியார் ஜட்காவில் ஆவடி ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். பாரிவாக்கம் தாண்டியதும் வழியெல்லாம் கல். சோளக் கொல்லைக்குள் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, வேப்பமரத்தடிச் சூலத்தை ஒட்டி ஒன்று. வெள்ளை வெள்ளையாக, எல்லாவற்றிலும் கறுப்பு அம்புக்குறி. பட்டாளத்து லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக, ஜட்காக் குதிரை இரண்டு தரம் மிரண்டது.

"மேட்டுப் பக்கம் பூரா போச்சு சாமி. இன்னும் யார்து யார்து போவப் போவுதோ" என்றான் வண்டிக்காரன்.

அம்பத்தூர் பங்களாவின் முன்னறையில் நில எடுப்பு அதிகாரி திருவேங்கடம் இருந்தார். முப்பத்தைந்து வயசு, மெலிந்த உடம்பு, பதவிசான பேச்சு. முதலியார் பேரைச் சொன்னதும் சடாரென்று எழுந்து நின்றார். மேஜைமேல் கோப்புகளுக்கு நடுவே 'பட்டணம் பெருத்த கதை' இருந்தது.

"ஐயா, உட்காருங்க. நான் காலேஜிலே உங்க புஸ்தகத்தை வெச்சுத்தான் பாஸ் பண்ணினேன்" என்றார்.

முதலியாருக்கு உயிர் வந்தது. "பனைமேட்டு விஷயமா வந்தேன். அவங்க சாசனம் உண்மையானது. நான் சாட்சி சொல்றேன்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா நீங்க இப்போ சொல்றதை நான் எப்படி எழுதறது?" திருவேங்கடம் புத்தகத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "வழக்கு மூண்ட பிறகு சொல்றதைத் தள்ளி வைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? எனக்கும் அந்த ஜனங்களுக்கு நிலம் கொடுக்கணும்னுதான் ஆசை. மேலே இருக்கிற துரை ஒத்துக்கணுமே. அதனால, அந்தக் காலத்திலே நீங்க என்ன குறிப்பு எழுதினீங்களோ அதைத்தான் அவருக்குக் காட்டப் போறேன். அதை யாரும் மறுக்க முடியாது பாருங்க."

"பார்த்துட்டீங்களா?" என்றார் முதலியார்.

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லார் எதிரிலேயும் எடுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன். அப்போ ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

இன்னும் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் முதலியாரின் காதில் விழுந்தது. கும்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

பின்னறைக்குக் காவல் கங்காதரன். சங்கத்தின் ஏட்டறைப் பொறுப்பாளன். முதலியாரைத் தெய்வமாகக் கும்பிடுகிறவன். பதினேழாம் பெட்டி, நாலாம் கட்டு, முதல் தாள் என்று முதலியார் சொன்னதும் எடுத்து மேஜைமேல் வைத்தான். புஸ்தகத்தில் கையெழுத்து வாங்கினான். இருபத்திரண்டாம் தேதி, இரண்டு மணி பத்து நிமிஷம்.

"கங்காதரா, இதை வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?"

அவன் முகம் வாடிவிட்டது. "நீங்க கேட்டு இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை ஐயா. ஆனா ஷரத்து உங்க கையெழுத்திலேயே சுவத்திலே மாட்டியிருக்கே."

"சரி சரி. சும்மா கேட்டேன்."

"இருங்க, உங்களுக்குக் காப்பி வாங்கிட்டு வரேன். ஸ்டேஷனாண்டதான் கிடைக்கும்." மற்றவர்களை அவன் தனியாக விட்டதே கிடையாது. இவரை விட்டுவிட்டுப் போனான்.

யுத்தக் காலமென்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. முதலியார் ஒரு ஜன்னலைத் திறந்து, சாசனத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஐயோ, அந்த நிமிஷத்தில் அவருக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம்! நாற்பத்தாறு வருஷத்து மஞ்சளுக்கு அடியிலிருந்து, மங்கலாக, கிரீடம் தெரிந்தது. கிரீடத்துக்குக் கீழே மூக்கு தெரிந்தது. ராணி உயிரோடுதான் இருந்தாள். தூக்கிக் காட்டினால் எந்த துரையும் ஒத்துக்கொள்வான். இடையில் இருந்தது அந்தப் பென்சில் வரி மட்டுமே.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். 'நான் எழுதினது தப்பு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்' என்று வெள்ளிக்கிழமை எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கலாம். அதற்குத் தம் வாயால் தம்மைத் தப்பு என்று சொல்ல வேண்டுமே! 'பட்டணம் பெருத்த கதை' எழுதிய ஜம்புலிங்கம், மஞ்சளுக்கும் மோசடிக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று ஊர் பேசும். சலவைக் கல்லில் வெட்டின பேர். முதலியார் வாசற்பக்கம் ஒரு தரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

'நம்பத்தக்கதன்று' சுலபமாகப் போயிற்று. 'முத்திரை வேண்டுமென்றே' அதுவும் போயிற்று. 'தேய்த்து மறைக்கப்பட்டது போலும்' என்பது மட்டும் முத்திரையின் விளிம்புக்குள் ஏறி, அப்புறம் வைத்த பொட்டுகள் எட்டாத பழைய மஞ்சளின்மேல் கிடந்தது. அதை விட்டுவைத்தால் மிச்சமெல்லாம் அழித்தும் பிரயோஜனமில்லை. அந்த மூன்று வார்த்தையே போதும் குடியைக் கெடுக்க. மெல்லத் தேய்த்தார். எழுத்து அசையவில்லை. கொஞ்சம் அழுத்தினார்.

புண்ணின் பொருக்கு பெயர்கிற மாதிரி மஞ்சள் மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. மையும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. பதறிப்போய் விரலால் அழுத்திப் பார்த்தார். விரலோடும் கொஞ்சம் வந்தது. திரும்ப வெளிச்சத்தில் பிடித்தார். கிரீடம் இல்லை, மூக்கு இல்லை. வட்டத்துக்குள்ளே வெள்ளைக் காகிதம் பஞ்சு பஞ்சாக நின்றது.

கங்காதரன் காப்பியோடு வந்தபோது கட்டுக்குக் கயிறு போட்டாகிவிட்டது. "பார்த்தாச்சுங்களா ஐயா?" என்றான். "பார்த்தாச்சு" என்றார். காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும் ரயிலில் பழக்க தோஷத்தில் வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பைத் தொட்டுத் தடவியபோது விரல் நுனி சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் அவர் அவசரமாக விரலை வேட்டியில் துடைத்தார். வேட்டியும் சிவந்தது. வீட்டுக்கு வந்து வரலட்சுமி என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, போ" என்று எரிந்து விழுந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பங்களா எதிரே புளியமரத்தடியில் சேரி முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகுட்டிகள், குளித்து ஈரத் தலையோடு பெண்கள், ஆடி வெள்ளியாயிற்றே. தாழ்வாரத்தில் மேஜை. வேம்புலியை மட்டும் மேலே கூப்பிட்டார்கள். அவள் கையில் மடித்த வாழையிலை.

முதலியாரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா சாமி. இனிமே எனுக்குக் கவல இல்ல" என்றாள்.

திருவேங்கடத்தின் மேஜைமேல் ஒரு பூதக்கண்ணாடியும் மண்ணெண்ணெய் விளக்கும் இருந்தன. பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று முதலியார் பார்த்தார். பார்த்ததுமே விளங்கிவிட்டது. காகிதத்தைப் பின்னாலிருந்து விளக்கால் காட்டிப் பார்க்கத்தான் அந்த மனுஷன் ஏற்பாடு செய்திருந்தார்.

கங்காதரன் பதினேழாம் பெட்டியோடு அட்டவணைப் புஸ்தகத்தையும் கொண்டுவந்தான். அதைக் கண்டதும்தான் முதலியாருக்கு நினைவு வந்தது. அட்டவணையை மறந்தே போயிருந்தார்! இரண்டு வருஷம் உட்கார்ந்து, மையில், மூன்று பிரதி எடுத்துத் தாமே தயாரித்த அட்டவணை.

திருவேங்கடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். "பதினேழாம் பெட்டி, நாலாம் கட்டு, முதல் தாள். பனைமேட்டுச் சேரிச் சாசனம். முத்திரை பற்றிய என் ஓரக் குறிப்பைக் காண்க." பிறகு சாசனத்தை விரித்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை.

"குறிப்பு இல்லையே" என்றார். "முத்திரையும் இல்லையே. இது பழைய தேய்மானம் இல்லை. நார் நாரா நிக்குது. கங்காதரன், இதைக் கடைசியா யார் பார்த்தது?"

கங்காதரன் கையெழுத்துப் புஸ்தகத்தை எடுத்துவந்து திறந்தான். புஸ்தகத்தை அப்படியே மேஜைமேல் திருப்பி வைத்தான்.

"ஐயா, அந்தக் குறிப்பிலே நீங்க என்ன எழுதியிருந்தீங்க?" திருவேங்கடத்தின் குரலில் இப்போதும் மரியாதை இருந்தது.

முதலியார் வேம்புலியைப் பார்த்தார். அவள் இன்னும் நம்பிக்கொண்டுதான் நின்றாள்.

"உண்மையான சாசனம்னு எழுதியிருந்தேன்" என்றார்.

"அப்புறம் ஏன் அழிச்சீங்க?"

முப்பத்து மூன்று வருஷம் ஊரார் பொய்யையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்த மனுஷர் அவர். கடைசியில் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னார். பதினோராம் வருஷத்து வரி, மஞ்சள், வராமலே போன மத்தியானம், ரப்பர், எல்லாம். "அன்னிக்கு நான் எழுதினதுதான் பொய். அதைத்தான் அழிச்சேன். முந்தாநாள் வரைக்கும் முத்திரை இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், நம்புங்க."

திருவேங்கடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"நான் நம்பறேன் ஐயா. ஆனா நம்பினதை எழுத முடியாது. மேலே கேட்பாங்க: தேய்ச்சு மறைச்சதுன்னு முப்பது வருஷத்துக்கு முந்தியே எழுதி வெச்சிருக்கு, இன்னிக்குத் தாளும் தேய்ச்சுத்தானே இருக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்?" விளக்கை ஊதி அணைத்தார். "நீங்க புதன்கிழமை வராமலே இருந்திருக்கலாம்."

எழுதினார். சாசனம் செல்லாது, பத்து நாள். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. கங்காதரன் ஷரத்துப்படி அட்டவணையில் ஒரு வரி சேர்த்தான்: முத்திரை அழிந்தது, அழித்தவர் நன்கொடையாளர். எழுதும்போது அழுதான்.

வேம்புலிக்கு அவர்கள் பேசியது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மேஜையருகே வந்து கும்பிட்டாள்.

"எசமான், இன்னிக்கி ஆடி வெள்ளி. போன வருசமே வெக்கல. ஒரு பொட்டு வெச்சிட்டுப் போயிடறேன்."

திருவேங்கடம் சாசனத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இலையைப் பிரித்து மஞ்சளைக் குழைத்தாள். விரலை நீட்டினாள். விரல் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு முதலியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூஞ்சி எங்க சாமி?"

முதலியார் தலை குனிந்து நின்றார்.

"பொட்டு வெக்க எடமே இல்லியே" என்றாள் மெதுவாக.

விரலில் இருந்த மஞ்சளைத் தன் சேலைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த நாற்பத்தாறு குடும்பமும் அவளைக் கண்டதும், காயிதத்தம்மா இன்னா சொன்னா என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தது.